டிக்கெட் அக்காவின் செருப்புக் கணக்கு

எங்கள் தெருவில் யாருக்காவது போன் போட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "இந்தா, வந்துக்கிட்டே இருக்கேன்" என்றுதான் பதில் வரும். சொல்கிறவர் அப்போதுதான் வாயில் பேஸ்ட்டோடு நின்றுகொண்டிருப்பார். கேட்கிறவருக்கும் அது தெரியும். திண்டுக்கல்லில் இதையெல்லாம் பொய் என்று யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. சேர்த்துக்கொண்ட ஒரே ஆள் டிக்கெட் அக்காதான்.

"குளிக்கலைன்னு சொல்லு, நா உள்ள போயி வேலையப் பாக்குறேன். வந்துக்கிட்டு இருக்கேன்னா நா வாசல்ல வந்து நிக்கணும்ல" என்பார். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார். எதிராளி சமாளிக்க நேரம் கொடுக்க மாட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. எதிர்ச்சாரியில் நாலாவது வீடு அவருடையது. முன்னறையைக் கடையாக்கி, 'ரயில், பஸ், விமான டிக்கெட்டுகள் பதிவு செய்து தரப்படும்' என்று போர்டு மாட்டியிருந்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் சேர். ஐம்பதைத் தாண்டிய வயது. காட்டன் சேலை. ஆண்கள் கட்டுகிற பெரிய டயல் கைக்கடிகாரம், அதையும் உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். கணவர் நூல் மில்லில் வேலை பார்த்தார். அவர் பேசி நான் கேட்டதேயில்லை. இந்த அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தால் எனக்கும் பேச்சு நின்றுபோயிருக்கும் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அக்காவுக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் தெருவில் யாரும் கிடையாது. இப்போது அந்தக் கடை இல்லை. அக்காவும் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார்.

கடைக்குள் நுழைந்து ஒருவர், "சென்னைக்கு எம்புட்டு நேரமாகும்க்கா?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்.

"எந்தச் சென்னை?"

"சென்னைதான்க்கா."

"தாம்பரமா, திருவொற்றியூரா? ரெண்டுக்கும் நடுவுலயே ஒன்றரை மணி நேரம் கெடக்குல்ல."

அதோடு விடமாட்டார். இங்கே வீடு எந்தப் பக்கம், பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவா பைக்கா, கூட வருவது பெரியவர்களா கைப்பிள்ளையா, அங்கே இறங்கினால் கூட்டிப்போக ஆள் வருமா, எத்தனை பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்கக் கேட்க ஒரு பழைய நோட்டின் பின்பக்கம் நிமிடங்களை எழுதிக்கொண்டே போவார். வந்தவருக்கு ஊருக்குப் போகும் ஆசையே விட்டுப்போகும்.

இதற்கு அவர் வைத்த பெயர் செருப்புக் கணக்கு. இங்கே வாசலில் செருப்பை மாட்டுவதிலிருந்து அங்கே வாசலில் செருப்பைக் கழற்றுவதுவரை ஆகிற நேரம்தான் பயண நேரம், மற்றதெல்லாம் கம்பெனிக்காரன் சொல்வது என்பார். எங்கள் ஊரில் விமான நிலையம் கிடையாது. மதுரைக்குப் போய், அதையும் தாண்டி அந்தக் கோடிக்குப் போக வேண்டும். "மதுரையில இருந்து சென்னைக்குப் பிளேன்ல ஒன்னேகால் மணி நேரந்தான்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார்.

"ஒன்னேகால் மணி நேரம் பிளேனுக்கு. ஒனக்கு எம்புட்டு?"

பெண்கள் இருக்கிற வீடு என்றால், கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கென்று ஆறு நிமிடம் சேர்ப்பார். எங்கள் அம்மாவுக்கு மட்டும் ஒன்பது. அம்மாவுக்கு அதில் இன்றுவரை வருத்தம் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒன்பது நிமிடம்தான் ஆனது.

எங்கள் பக்கத்து வீட்டு இன்ஜினியருக்கு ஆவடியில் நிச்சயதார்த்தம். சொந்தக்காரர்கள் எல்லாரும் காலை ஆறு மணிக்கு வேனில் கிளம்புவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை மட்டும் பிளேனில் வந்து இறங்குவேன் என்றார். பெண் வீட்டில் ஒரு கெத்து வேண்டும் அல்லவா. அக்கா டிக்கெட் போட்டுக் கொடுத்தார், கூடவே தன் கணக்கையும் கொடுத்தார்.

"நீயும் வேனும் ஒரே நேரத்துலதான் போயிச் சேருவீக. ரெண்டு மணி நேரம் கூடத் தூங்கலாம், அம்புட்டுத்தான் லாபம். வகுறு மட்டும் காயும். எதையாச்சும் தின்னுட்டுப் போ."

இன்ஜினியர் சிரித்துவிட்டுப் போனார். எட்டு மணிக்குக் கிளம்பி, மதுரையில் காத்திருந்து, பறந்து, இறங்கி, டாக்ஸி பிடித்து, போரூர் நெரிசலில் வேர்த்து விறுவிறுத்து இரண்டே கால் மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்தபோது, வேனில் போன நாங்கள் இலையில் உட்கார்ந்து ரசத்துக்கு வந்திருந்தோம். வழியில் விழுப்புரத்தில் டீயும் வடையும் வேறு ஆகியிருந்தது. அவருடைய மாமா நிமிர்ந்து பார்த்து, "வாங்க மாப்ள, நடந்தா வாரீக?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்ஜினியர் இன்னும் மறக்கவில்லை.

ரொம்பப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அந்த அக்கா மேல் கோபம் வந்த நாள்கள் நிறைய. கல்யாணம் முடிந்து நான் முதல்முறை பெங்களூருவுக்குக் கிளம்பிய சாயங்காலம். அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார். அப்பா துண்டால் முகத்தைத் துடைப்பது போல நின்றுகொண்டிருக்கிறார். வாசலில் டிக்கெட் அக்கா கையைத் திருப்பி மணி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அழுகிறதுக்கு பதினஞ்சு நிமிஷம் விட்டுருந்தேன். இருவது ஆச்சு. பைபாஸ்ல பஸ்ஸு நிக்காது தாயி."

என் வீட்டுக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. இந்தப் பொம்பளைக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று பஸ்ஸில் கரூர்வரை திட்டிக்கொண்டே போனேன். அழுகைக்கும் நேரம் விட்டு வைத்திருந்தாரே என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கணக்கு தெருவுக்குள் ஒரு பதவியாக மாறியது ஒரு சாவு வீட்டில்தான். கோடி வீட்டுப் பெரியம்மா ஒருவர் காலையில் இறந்துபோனார். மகன் மும்பையில். எடுப்பு எத்தனை மணிக்கு என்று முடிவு செய்தால்தான் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட முடியும். பெரியவர்கள் கூடி, பிளேன் இரண்டு மணி நேரம், காரில் ஒன்றரை மணி நேரம், கூட அரைமணி போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு மூன்று மணி என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அக்கா போய், "அஞ்சரைக்கு முன்னாடி அவரு வர முடியாதுய்யா" என்று சொல்லியிருக்கிறார். டிக்கெட் விற்கிறவள் எடுப்புக்கு நேரம் குறிக்கிறாளா என்று ஒருவர் முறைத்திருக்கிறார். மூன்று மணிக்கு வரவில்லை, நாலுவரை பார்த்தார்கள், அதற்கு மேல் முடியாது என்று தூக்கிவிட்டார்கள். மகன் ஐந்தரைக்கு வந்து இறங்கியபோது வீட்டைக் கழுவிவிட்டு, விளக்கேற்றி வைத்திருந்தார்கள். அந்த மனிதர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த யாருக்கும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில், ஏன் பக்கத்து நாலு தெருவிலும், யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் டிக்கெட் அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து, தூரத்தில் இருக்கிற பிள்ளையோடு போனில் பேசி, ஒரு நேரம் சொல்வார். அதற்கு அரைமணி நேரம் கழித்து எடுப்பு என்று பெரியவர்கள் அறிவிப்பார்கள். ஓசூர், சூரத், மஸ்கட், எங்கிருந்து வந்தாலும் அக்கா சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னே பின்னே ஆள் வாசலில் நின்றது. கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். ஒருமுறை ஒரு மருமகளைப் பற்றி, "அந்தம்மா வர விருப்பமில்லாமக் கெளம்புது, முக்கா மணி நேரம் கூடப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டார். அது வீட்டுச் சண்டையாகிவிட்டது. ஆனால் அந்த மருமகளும் அக்கா சொன்ன நேரத்துக்குத்தான் வந்தார்.

என் முறையும் வந்தது.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூருவில் காலை ஒன்பதே முக்காலுக்குத் தம்பி கூப்பிட்டான். அப்பா டிபன் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பி திண்டுக்கல்லில் அவர்களோடுதான் இருந்தான்.

"நாலு மணிக்கு எடுக்கணும்கிறாருக்கா பெரியப்பா. ஐஸ் பெட்டி வேணாம்னு அப்பா சொல்லி வச்சிட்டாருல்ல."

அது எனக்கும் தெரியும். அப்பாவுக்குக் குளிர் ஆகாது. சிறுமலைக்கு வாழைத்தார் வாங்கப் போனால்கூட மஃப்ளர் கட்டிக்கொண்டு போகிற ஆள். என்னை அந்தப் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள் என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். வெளியே சித்திரை வெயில். மறுநாள்வரை வைத்திருக்க வழியில்லை.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். சித்தையன்கோட்டைப் பக்கம் தோப்பு. முப்பது வருடம் தன் தேங்காயைத் தானே லாரியில் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய் வந்தவர். அவர் வாயிலிருந்து ஒரு நேரம் வந்துவிட்டால் மாற்ற முடியாது. கொள்ளி வைக்க மகன் பக்கத்திலேயே இருக்கிறான், பெங்களூருவிலிருந்து பிளேன் ஒன்றேகால் மணி நேரம், மகள் மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள், வராவிட்டாலும் மகளுக்காக எடுப்பைத் தள்ளிப்போடுகிற பழக்கம் நம்மில் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்பா முகத்தை நான் பார்க்கப் போவதில்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

டிக்கெட் அக்காவுக்குப் போட்டேன். அழுகைதான் வந்தது. அவரே பேசினார்.

"அழுதுக்கிட்டே பதில் சொல்லு தாயி, பரவாயில்ல. ஆனா பதில் சொல்லு. வொயிட்ஃபீல்டு வீடுதான? ஒன் வீட்டுக்காரரு எங்க?"

"ஆபீஸ் வேலையா மைசூரு போயிருக்காருக்கா. கார் அவருகிட்ட."

"பிள்ளை?"

"வீட்ல."

"பிள்ளையக் கூட்டிட்டே வா, விட்டுட்டு வர ஆள் தேடுனா அரைமணி போயிரும். இப்ப டாக்ஸி புடிச்சுக் கெளம்பி ரோட்டுலயே வந்தா ஆறரை ஆகும். தோப்பூர் கணவாயில ஞாயித்துக்கெழம லாரி நிக்கும். பிளேன் ஒன்னு அம்பதுக்கு இருக்கு. மூனு பத்துக்கு மதுரை. பெட்டி எடுத்துட்டு வராத, கையில ஒரு பை போதும். வெளிய வர இருவது நிமிஷம். இன்னைக்கு முகூர்த்த நாளு, சமயநல்லூர்ல மண்டபத்துக் கார் அம்புட்டும் ரோட்டுல நிக்கும்." பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "நீ வீட்டு வாசலுக்கு அஞ்சே காலுக்கு வருவ."

"நாலு மணிக்கு எடுத்துருவாங்கக்கா."

பேனா சத்தம் நின்றது. கணக்கில் குறைக்க ஏதாவது இருக்கிறதா என்று மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்திருப்பார். ஒன்றும் இருந்திருக்காது.

"நீ கெளம்பு" என்றார்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததைத் தம்பியும் அம்மாவும் பின்னால் சொல்லித்தான் கேட்டேன். அக்கா கடையைப் பூட்டிவிட்டு நேராக எங்கள் வாசல் பந்தலுக்குப் போயிருக்கிறார். பெரியப்பா முன்னால் நின்று, "நாலு மணிக்கு வந்துருவாய்யா. நாலரைன்னு சொல்லிவிட்டுருங்க" என்றிருக்கிறார். டிக்கெட் அக்கா சொன்ன நேரம் ஆயிற்றே. பெரியப்பா தலையாட்டிவிட்டார். தெருவில் எடுப்பு நாலரைக்கு என்று செய்தி போனது.

நான் மதுரையில் இறங்கியபோது மணி மூன்று பத்து. அக்கா ஏற்பாடு செய்த கார் வெளியே நின்றது. சமயநல்லூரில் அவர் சொன்னபடியே கல்யாணக் கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நாலு மணிக்கு நான் அங்கே, கார் கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதே நாலு மணிக்கு எங்கள் வாசலில் அக்கா கையில் போனோடு, "கொடைரோடு டோல்கேட்டுல நிக்கிறாளாம்" என்று அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்போது நான் அவரிடம் பேசவேயில்லை. நாலரைக்கு, "சின்னாளபட்டி வந்துட்டா. இந்தா, வந்துக்கிட்டே இருக்கா" என்றிருக்கிறார். அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததை எங்கள் தெருவே முதல்முறையாகக் கேட்டது.

நாலே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் நானே அவரைக் கூப்பிட்டேன். வாடிப்பட்டி தாண்டிவிட்டேன், எடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். இல்லை வா என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த ரோட்டில் கொடைரோடு வந்தது, அம்பாத்துரை வந்தது, சின்னாளபட்டி வந்தது. எல்லா ஊரும் நகராமல் நின்றன. டிரைவரை என்னவெல்லாம் திட்டினேன் என்று நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஐந்தே காலுக்குத் தெருவுக்குள் கார் திரும்பியது. பந்தல் இருந்தது. ஆட்கள் இருந்தார்கள். அப்பா இருந்தார்.

நெற்றியில் காசு வைத்து, தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். வெயிலில் மாலையெல்லாம் வாடிப்போயிருந்தது. அவர் முகம் வாடவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தைத் தொட்டு, காதில் என்னவோ சொன்னேன். பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் போயிருந்தால் நான் ஆயுசுக்கும் ஏங்கிக்கொண்டே இருந்திருப்பேன். இப்போதும் அப்பாவை நினைத்தால் வருத்தம் வருகிறது, ஆனால் அந்த ஏக்கம் இல்லை. அதை எனக்குக் கொடுத்தது அந்த அக்கா.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நன்றி சொல்லப் போனேன். சேரில் உட்காரச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"ஒனக்கு என்ன நேரம் சொன்னேன்?"

"அஞ்சே காலு."

"எப்ப வந்த?"

"அஞ்சே காலுக்குக்கா."

"ஒனக்குச் சரியாத்தான் சொன்னேன்." கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். "பந்தல்ல நின்னு பொய் சொல்லிட்டேன். சாவு வீட்ல, பெரிய மனுசங்க முன்னாடி. இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நேரம் சொல்றது?"

எனக்காகத்தானே அக்கா என்றேன். நாளைக்கு இன்னொரு வீட்டில் தான் நேரம் சொன்னால், இதில் எத்தனை நிமிடம் பொய்யோ என்று யோசிக்க மாட்டார்களா என்று கேட்டார். அன்றோடு நேரம் சொல்வதையே விட்டுவிட்டார். டிக்கெட் மட்டும் போட்டுக் கொடுத்தார். நேரம் கேட்டவர்களிடம், "போன்லயே காட்டுதுல்ல, பாத்துக்கங்க" என்றார். அடுத்த மாதம் பின்தெருவில் ஒரு துக்கம். கூப்பிட ஆள் வந்தபோது தலைவலி என்று உள்ளே படுத்துக்கொண்டாராம். அந்த வீட்டு மகள் கோவாவிலிருந்து வர வேண்டும். போனைப் பார்த்து நேரம் வைத்தார்கள். அந்தப் பெண் நேராகச் சுடுகாட்டுக்கு ஓடி, கடைசி நேரத்தில் பார்த்தது. அம்மா இதைப் போனில் சொன்னபோது, நான் வாங்கிய பத்து நிமிடத்தை வேறொரு பெண்ணிடமிருந்து பிடுங்கியது போல இருந்தது. அக்காவுக்கும் தூக்கம் வந்திருக்காது.

மூன்றாம் மாதம் அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். பெரியப்பா ஒரு சாக்குத் தேங்காயோடு வந்து இறங்கினார். காபியைக் குடித்துவிட்டு, "அந்த டிக்கெட்டுப் பொம்பளகிட்ட என்னையக் கூட்டிப் போ" என்றார். எதற்கு என்று கேட்டேன். அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். சண்டை போடப் போகிறார் என்று பயந்துகொண்டே கூட நடந்தேன்.

அவரைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டார். பெரியப்பா சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். மதுரையில இருந்து வாரப்ப வாடிப்பட்டி முந்தியா, சின்னாளபட்டி முந்தியா?"

"வாடிப்பட்டிதான்யா."

"அப்ப நாலரைக்குச் சின்னாளபட்டிக்கு வந்த புள்ள, நாலே முக்காலுக்கு எதுக்கும்மா திரும்ப வாடிப்பட்டிக்குப் போச்சு?"

அக்கா முகம் வெளுத்துவிட்டது. எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் பிடிபட்டது. நான் காரிலிருந்து கூப்பிட்டபோது, கேட்ட உண்மையை அப்படியே திருப்பிச் சொல்கிற பழக்கத்தில், "வாடிப்பட்டி தாண்டிட்டாளாம்" என்று பந்தலுக்கே கேட்கும்படி சொல்லியிருக்கிறார். கால் மணி நேரத்துக்கு முன்னால் அவரே என்னைச் சின்னாளபட்டிவரை கொண்டுவந்துவிட்டதை அந்த நேரத்தில் மறந்துபோயிருக்கிறார்.

"முப்பது வருசம் அந்த ரோட்டுல லோடு ஏத்திப் போயிருக்கேன்" என்றார் பெரியப்பா. "எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னைக்கே தெரியுமா பெரியப்பா?" என்றேன்.

"பந்தல்ல உக்காந்திருந்த அம்புட்டுப் பேருக்கும் தெரியும். ஒருத்தன் கேக்கவே எந்திரிச்சான். நாந்தான் கையப் புடிச்சு உக்கார வச்சு, இன்னொரு டீ சொன்னேன்."

அக்கா மெல்ல உட்கார்ந்தார். "தெரிஞ்சுமா இருந்தீக?"

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மகளுக்காக எடுப்பைத் தள்ளி வச்சான்னு நாலு பேரு பேசுவானேன்னு எனக்கு. எந்தம்பி மக வரட்டும், இருப்போம்னு சொல்ல வாய் வரல. நீ வந்து பொய்யச் சொன்ன. எனக்கு அது சவுரியமாப் போச்சு. அந்தப் பொய்யில பாதி என்னுதும்மா. நீ மட்டும் தூக்கிக்கிட்டுத் திரியாத."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எனக்கும் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"நா வந்தது அதுக்கு இல்ல. என் மகன் துபாயில இருக்கான். எனக்கு எழுவத்தாறு ஆச்சு. அவன் வந்து சேர எம்புட்டு நேரமாகும்னு சரியா ஒரு கணக்குப் போட்டு வையி. நேரம் வாரப்ப நீதான் வந்து சொல்லணும். போனப் பாத்தெல்லாம் எவனும் எனக்கு நேரம் குறிக்கக் கூடாது."

அக்கா முகத்தைத் துடைத்தார். கண்ணாடியை மாட்டினார். மேஜையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைப் புரட்டினார்.

"சேதிய அவருக்கு யாருய்யா சொல்லுவாக?"

"இவ பெரியம்மாதான் சொல்லணும். எங்குட்டுச் சொல்லுவா? போன எடுத்ததும் அழுதுக்கிட்டே கெடப்பா."

"அதுக்கு அரைமணி நேரம் சேத்துக்கிறேன்" என்று அக்கா எழுதத் தொடங்கினார்.